ஆர்ச்சி வாய் திறந்தால் சிரிப்பது யார்?

ஜனவரி 12, 2025, ஞாயிறு. முள்ளியவளை

1971இல் இதே திகதியில்தான் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ஓல் இன் த ஃபமிலி’ தொடங்கியது. நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஒரு சின்ன வீடு. தொழிலாளி ஆர்ச்சி பங்கர், மனைவி ஈடித், மகள் குளோரியா, இன்னும் படித்துக்கொண்டிருக்கிற, ஆர்ச்சியோடு எப்போதும் வாதாடுகிற மருமகன் மைக். கறுப்பர், யூதர், பெண்கள், வந்தேறிகள் என்று எவரையும் விட்டுவைக்காத வாய் ஆர்ச்சிக்கு. பிபிசியின் ஒரு தொடரைப் பார்த்து நோர்மன் லியர் இதைத் தன் நாட்டுக்கு ஏற்ப உருவாக்கினார். ஏபிசி நிறுவனம் இரண்டு முன்னோட்டப் பாகங்களை எடுப்பித்து, இரண்டையும் வேண்டாமென்று தள்ளியது. சிபிஎஸ்ஸும் பயந்துபயந்துதான் போட்டது. எங்கள் தப்பெண்ணங்களைச் சிரிப்பாக்கிக் காட்டுவதே நோக்கம் என்று முதல் பாகத்துக்கு முன்னால் ஓர் அறிவித்தலும் வைத்தது. பிறகு தொடர்ந்து 5 சீசன்களுக்கு அந்த நாட்டில் ஆகக்கூடப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி இதுதான்.

வாசிகசாலையில் ஞாயிறு பின்னேரங்களில் போடுகிறோம். புதியவர்களுக்கு முதல் பாகத்திலிருந்து வரிசையாகப் போடக்கூடாது. அதில் ஆள்களை அறிமுகப்படுத்தும் அவசரத்தில் சத்தம்தான் மிஞ்சுகிறது; ஆர்ச்சி வெறும் வாய்க்காரனாகவே மனதில் நின்றுவிடுவார். 1972 பெப்ரவரியில் வந்த, கறுப்பினப் பாடகர் சமி டேவிஸ் ஜூனியர் தானாகவே நடித்த பாகம்தான் சரியான வாசல்.

ஜனவரி 18, சனி

போடுகிறவர்களுக்கு. இது ஒளிநாடாவில் எடுத்த தொடர், படம் 4:3 அளவு. இப்போதைய ரீவி அதைப் பக்கவாட்டில் இழுத்து முகங்களை ஊதவைக்கும். ரீவியின் பட அளவை 4:3இல் வையுங்கள். மடிகணினியில் விஎல்சி என்ற படம் போடும் மென்பொருளால் போடுவதென்றால் ‘ஏ’ விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அளவுகள் மாறிவரும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும், இருக்கட்டும். ஈடித் குசினிக்கு ஓடும்போது உடம்பின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால், விஎல்சியின் வீடியோப் பகுதியில் டீஇன்டர்லேஸை இயக்கி ‘யாடிஃப்’ தெரிவு செய்யுங்கள். நாடாவில் ஒவ்வொரு சட்டகமும் இரண்டு பாதியாகப் பதியப்பட்டதால் வருகிற கோளாறு அது.

ஒலிதான் பெரிய வில்லங்கம். பேச்சும், படப்பிடிப்பை நேரில் பார்த்த சபையின் சிரிப்பும் ஒரே தடத்தில் இருக்கின்றன. பேச்சுக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் சிரிப்பும் சேர்ந்து ஏறும். தகரக் கூரைக்குக் கீழே அது முழக்கம்தான். பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியைக் குறையுங்கள். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைப் பின்னால் வைப்பதைவிட, சின்னப் பெட்டிகள் இரண்டை இருக்கிற சனத்தின் காதுமட்டத்துக்கு முன்னால் வையுங்கள். மழை பலத்தால் நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

சமி டேவிஸ் பாகம். ஆர்ச்சி பகுதிநேரமாக ராக்சி ஓட்டுகிறார். வண்டியில் விட்ட பையை எடுக்க அந்தப் பெரிய பாடகர் வீட்டுக்கே வருகிறார். அவருடைய கண்ணாடிக் கண்ணைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடக்கூடாது என்று வீட்டாரை எச்சரித்த ஆர்ச்சியே, கோப்பி கொடுக்கும்போது பாலும் சீனியும் கண்ணுக்குள் போடவா என்று கேட்டுவிடுகிறார். கடைசியில் புகைப்படம் எடுக்கிற கணத்தில் சமி அவர் கன்னத்தில் முத்தமிடுகிறார். ஆர்ச்சியாக நடிக்கிற கரோல் ஓ’கொனர் அப்படியே உறைந்து நிற்கிறார். சபை சிரித்து ஓயும்வரை அசைவில்லை. ஒரே மாலையில் இரண்டு சபைகளுக்கு முன்னால் நடித்து, இரண்டிலும் நல்லதை எடுத்து வெட்டி ஒட்டுவது லியரின் முறை. சிரிப்பு இறங்கும்வரை வாய் திறக்காமல் நிற்கப் பழகிய நடிகர்கள் இவர்கள். அந்த இடைவெளிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தால் பாதி நடிப்புப் போய்விடும்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்ச்சி வாய் விட்டதும் படம் எவருடைய முகத்துக்குப் போகிறது? திட்டு வாங்கியவரின் முகத்துக்குப் போய், அவர் அமைதியாகப் பார்த்தால், அடி ஆர்ச்சிக்குத் திரும்புகிறது. பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெடியன் லயனல், ஆர்ச்சி எதிர்பார்க்கிற மாதிரியே பேசி ஆளைக் கேலி பண்ணுவான். ஆர்ச்சிக்கு மட்டும் விளங்காது. படம் ஆர்ச்சியின் முகத்திலேயே தங்கிவிட்டால் சிரிப்பு அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஜனவரி 20, திங்கள்

1974இல் நீல் விட்மார், மில்ற்றன் றொக்கீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க இளையோரிடமும் கனடா நாட்டுப் பெரியவர்களிடமும் இந்தத் தொடரைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். தப்பெண்ணம் கூடியவர்களும் குறைந்தவர்களும் ஒரே மாதிரி ரசித்தார்கள். ஆனால் கூடியவர்களுக்கு மைக்கைவிட ஆர்ச்சியைத்தான் பிடித்திருந்தது. நேற்று எங்கள் மண்டபத்திலும் இதுவே நடந்தது. ஒரே இடத்தில் இரண்டு வரிசை சிரித்தது. ஒரு வரிசை ஆர்ச்சியைப் பார்த்து, மற்றது ஆர்ச்சியோடு சேர்ந்து.

அதனால் படம் முடிந்ததும் லைற்றைப் போட்டு உடனே கேளுங்கள்: “எந்த இடத்தில் சிரிச்சனீங்கள்?” பிடித்ததா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள், கதை முடிந்துவிடும்.

ஜனவரி 26, ஞாயிறு

1972 ஜனவரியில் வந்த, ஈடித்துக்கு மாதவிடாய் நிற்கிற பாகம். மாறுவதென்றால் இப்போதே மாறு, முப்பது செக்கன் தருகிறேன் என்று ஆர்ச்சி கட்டளையிடுகிற இடத்தில் ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்கள் பக்கம் சத்தமில்லை.

“உந்த மனுசி ஏன் பிள்ளை உப்பிடி ஓடித் திரியுது? அந்தாள் எழும்பி எடுக்கக்கூடாதே?”

“எங்கட வீட்டில மட்டும் என்ன அம்மம்மா?”

ஈடித்தாக நடிக்கிற ஜீன் ஸ்டேப்பிள்டனின் அந்த ஓட்டத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அடிமைத்தனம் அவர் காலில் தெரிகிறது. அதே ஈடித்தின் வாயில்தான் வீட்டின் அறிவும் இருக்கிறது. 1973இல் வந்த ஒரு பாகத்தில், ஆர்ச்சி ஏன் மைக்கைப் பார்த்துக் கத்துகிறார் என்பதை ஈடித் மைக்குக்கே சொல்கிறார்: தன்னால் இனி ஆக முடியாததெல்லாம் உன்னில் தெரிகிறது, அந்தப் பொறாமைதான்.

எதிர்ப்பும் ஆரம்பத்திலேயே வந்தது. எழுத்தாளர் லோரா ஹொப்சன் 1971இல் நியூயோர்க் ரைம்ஸில் கடுமையாக எழுதினார். ஆகக் கொடிய வசைகளைத் தவிர்த்து மெல்லியவற்றை மட்டும் ஆர்ச்சி வாயில் வைப்பதால் வெறுப்பு அன்புக்குரியதாக ஆகிவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் குடியேறிய சனத்தைப் பற்றி எங்கட விறாந்தைகளில், சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இண்டைக்கும் சொல்லப்படுகிற சொற்களை நினைத்துப் பாருங்கள். சொல்பவர் பேரப்பிள்ளைக்கு நல்ல அப்பப்பாவாகத்தான் இருப்பார். அவர் நல்லவர் என்பதாலேயே பிள்ளை அந்தச் சொல்லையும் எடுத்துக்கொள்கிறது.

பெப்ரவரி 2, ஞாயிறு

வயல்வெட்டு. சனம் குறைவு.

1978இல் வந்த பாகம்: ஆர்ச்சியும் மைக்கும் ஆர்ச்சியின் மதுக்கடைக் களஞ்சிய அறைக்குள் பூட்டுப்பட்டுப் போகிறார்கள். குடிபோதையில் ஆர்ச்சி சின்ன வயதைச் சொல்கிறார். வறுமை. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் பூட்ஸ், அதற்குப் பள்ளியில் ஒரு பட்டப்பெயர். அப்பாவின் அடி, அலுமாரி அறைக்குள் பூட்டி வைத்தது. உங்கள் அப்பா பிழை என்று மைக் சொன்னதும் ஆர்ச்சிக்குத் தாங்கவில்லை. உழைத்துச் சோறு போட்ட, அன்பு வைத்த மனிசன் சொன்னது எப்படிப் பிழையாகும் என்று கேட்கிறார். ஓ’கொனர் இதைக் குரல் உயர்த்தாமல் செய்கிறார்.

இதற்குப் பிறகு ஆர்ச்சியை மன்னிக்கத் தோன்றும். முன்வரிசையில் ஒரு ஐயா, “பாவம், அவரில பிழையில்லை” என்றார். இல்லை ஐயா. வெறுப்பு எந்த வழியால் வீட்டுக்குள் வந்தது என்பதைத்தான் இந்தப் பாகம் காட்டுகிறது. திட்டு வாங்கியவரின் காயம் அப்படியே இருக்கிறது. இதைத் தனியாகப் போடாமல் லயனல் வருகிற பாகம் ஒன்றோடு சேர்த்துப் போடுவது நல்லது.

பெப்ரவரி 4, செவ்வாய்

கடைசி, அதாவது 9ஆம் சீசனைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மைக்கும் குளோரியாவும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள், எதிர்த்துப் பேச ஆளில்லை. சபையும் இல்லை, எடுத்து முடித்த நாடாவை வேறொரு சபைக்குப் போட்டுக் காட்டித்தான் சிரிப்பைப் பதிந்தார்கள். நடிகர் சிரிப்புக்காகக் காத்து நிற்பதும் சிரிப்பு வந்து விழுவதும் முன்னைப்போலப் பொருந்துவதில்லை. முதல் 5 சீசன்களைப் பார்த்து முடித்தவர்கள் மட்டும் அதைத் தொடுங்கள்.