பிள்ளைக்குப் பசிக்குதா, இல்லையா?

பிரசவ வார்டில் வேலை பார்க்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. பால் வரலையே, பிள்ளை விடாம அழுவுதே, ஏதாவது கொடுக்கலாமா என்று எல்லாப் படுக்கையிலிருந்தும் கேட்பார்கள். எங்களிடம் பதிலும் தயாராக இருக்கும். சீம்பால் போதும், முதல் நாளில் பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்கு 5 முதல் 7 மில்லிதான் கொள்ளும், சப்பச் சப்பத்தான் ஊறும், இரண்டு மூன்று நாள் பொறுங்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பெரும்பாலான தாய்மார்களுக்கு இது போதும்.

அந்த அம்மா கேட்டது வேறு மாதிரி. மகளுக்குத் தலைப்பிரசவம், சிசேரியன், ரத்தப்போக்கு அதிகமாகி ஒரு யூனிட் ரத்தமும் ஏற்றியிருந்தது. ஆபரேஷன் முடிந்து இரண்டாவது ராத்திரி. நான் வழக்கமான பதிலைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பால் ஊறுமா ஊறாதான்னு நான் கேட்கலை தாயி. பிள்ளைக்கு இப்பப் பசிக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

"பசிக்கணும்மா. பசிச்சாத்தான் சப்பும். சப்பினாத்தான் பால் இறங்கும்."

"அப்பப் பசிக்குதுங்கிறே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் திரும்பி மகளின் கட்டிலுக்குப் போய்விட்டார். சண்டை போடவில்லை, கத்தவில்லை. அன்றைய ராத்திரி அவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவும் இல்லை.

மருத்துவக் கணக்குப்படி அந்த ராத்திரி நான் சொன்னது சரிதான். பிள்ளை துடியாக இருந்தது. அன்று பகலில் இரண்டு தடவை ஒன்றுக்குப் போயிருந்ததாகச் சீட்டில் குறித்திருந்தது. இரண்டாவது நாளுக்கு அது போதும். கருப்பு மலம் பச்சையாக மாறத் தொடங்கியிருந்தது. இரண்டாவது ராத்திரி பிள்ளைகள் மார்பை விட்டு நகராமல் கிடப்பதும் இயல்பு. அந்த விடாத சப்பல்தான் அடுத்த நாட்களின் பாலுக்குச் சொல்லி அனுப்புகிற தூது. அந்த நேரத்தில் பவுடரைக் கரைத்து ஊற்றினால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பு சும்மா கிடக்கும், பால் இன்னும் தள்ளிப்போகும். இதையெல்லாம் வகுப்பில் படித்ததற்காக மட்டும் சொல்லவில்லை. அப்படித் தள்ளிப்போய், பிறகு வராமலே போனதை இந்த வார்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் விடிந்து எடை பார்த்தபோது 2 கிலோ 900 கிராமாகப் பிறந்த பிள்ளை 2 கிலோ 590 இருந்தது. பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவு. துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை. பிள்ளைக்கு நீர்ச்சத்து குறைகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். டாக்டர் வந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு பக்கமும் மார்பில் போட வேண்டும், அப்புறம் கையால் பீய்ச்ச வேண்டும், வந்ததைப் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுத்துவிட்டு, போதாத அளவுக்கு மட்டும் பவுடர் பால் என்று எழுதினார். புட்டி வேண்டாம் என்பதைத் தனியாக அடிக்கோடிட்டு எழுதினார்.

நான் பாலாடையில் 15 மில்லி எடுத்துக்கொண்டு போனபோது அந்த அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். எங்களில் பலரைவிட நன்றாகப் புகட்டினார். பிள்ளையைச் சற்று நிமிர்த்தி, உதட்டோரம் வைத்து, அது நாக்கை நீட்டி எடுக்கும்வரை காத்திருந்தார். கடைசிச் சொட்டு முடிந்த பிறகு என்னைப் பார்க்காமலே, "நேத்தே குடுத்திருக்கலாம்ல" என்றார்.

நேற்று கொடுத்திருக்க வேண்டியதில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். நேற்று இருந்த நிலை வேறு, காலையில் இருந்த நிலை வேறு. ஆபரேஷனின்போது தாய்க்கு நிறைய சலைன் ஏறியிருந்தால் பிள்ளையின் பிறந்த எடையே கொஞ்சம் கூடிக் காட்டும். குறைந்த 310 கிராமில் ஒரு பங்கு வெறும் நீராகக்கூட இருக்கலாம். இதை நினைத்தால் மனது சற்று ஆறும். உடனே, அந்த இரண்டு தடவைக் கணக்கை யார் சொன்னது என்று இன்னொரு நினைப்பு வரும். கூட இருந்தவர்கள் மாறி மாறிச் சொன்னதைத்தான் சீட்டில் எழுதுகிறோம். மே மாத வெயிலில் துணி எப்போது நனைந்தது, எப்போது காய்ந்தது என்று யாருக்குத் தெரியும்? சீட்டில் இருந்த எண்ணைச் சந்தேகப்பட அப்போது எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

அந்த அம்மா கடல்பாசி எடுக்கிறவர். மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி எடுப்பார்களே, அந்த வேலை. கைப்பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டுப் போன காலத்தைப் பற்றிப் பிறகு ஒரு நாள் சொன்னார். "தண்ணிக்குள்ள நிக்கும்போதே மாரு கட்டும். அங்க பிள்ளைக்குப் பசி வந்துருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுரும். இவளுக்கு மாரு கட்டவே இல்லையே, அதான் கேட்டேன்."

இந்த இடத்தில்தான் நான் நின்றுபோகிறேன். நாங்கள் துணியை எண்ணுகிறோம், எடையைப் பார்க்கிறோம். அவர் மகளின் மார்பைத் தொட்டுப் பார்த்து, அது இளக்கமாகவே கிடப்பதைக் கவனித்திருக்கிறார். நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் ஹார்மோன்கள் மாறி, பெரும்பாலோருக்கு 72 மணி நேரத்துக்குள் மார்பு கனத்துப் பால் இறங்கிவிடும். தலைப்பிரசவம், சிசேரியன், அதிக ரத்தப்போக்கு, சர்க்கரை, உடல் பருமன், நீண்ட நேரப் பிரசவ வலி, நஞ்சின் துணுக்கு உள்ளே தங்கிவிடுவது என்று அது தாமதமாகப் பல காரணங்கள் உண்டு. அவர் மகளுக்கு இவற்றில் மூன்று இருந்தன. ஆனால் இரண்டாவது ராத்திரியில் 40 மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த நேரத்தில் மார்பு இளக்கமாக இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. அவர் கவனித்தது சரி. அதை வைத்து அன்றைக்கே பவுடர் கொடுத்திருக்க வேண்டும் என்பது சரியில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் சரி என்றும் இல்லை என்றும் வைத்துக்கொள்ள என்னால் முடிகிறது. ஆனால் அவரிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பது என்றுதான் தெரியவில்லை.

பவுடர் பாலைப் பற்றி நான் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இந்தக் கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் உவர்த்தண்ணீர். குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள் இருக்கின்றன. 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்று டப்பாவில் போட்டிருக்கும். மாசக்கடைசியில் அது அரைக் கரண்டி ஆகும். தண்ணீரைக் கொதிக்க வைத்தார்களா, புட்டியை எதில் கழுவினார்கள் என்று நாங்கள் போய்ப் பார்க்க முடியாது. பிறகு வயிற்றுப்போக்கு என்று அந்தப் பிள்ளையே திரும்பி வரும். பவுடர் பாலை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மருத்துவக் காரணம் இருந்தால் கொடுக்க அது தடை இல்லை. அந்தக் காரணம் எப்போது வந்துவிட்டது என்பதை ராத்திரி நேரத்தில் வார்டில் நிற்கிறவர்தான் முதலில் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் அது. மாப்பிள்ளை வேலை செய்யும் விசைப்படகு கரையில் நின்றது. அவர் நாட்டுப்படகுக்காரர்களிடம் சொல்லி வைத்துக் காரல் மீன் வாங்கி வந்தார். வீட்டில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுத் தண்ணியாக வைத்துத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார்கள். பால்சுறாப் புட்டும் வந்தது. காரல் தண்ணி தானாகப் பாலைச் சுரக்க வைக்காது, மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும் என்பது என் நம்பிக்கை. ஆனால் ரத்தம் இழந்த பச்சை உடம்புக்கு மீனைவிட நல்ல சாப்பாடு எது? குடித்து முடித்ததும் அந்தப் பெண்ணின் முகத்தில் தெம்பு தெரிந்தது. பயத்திலும் வலியிலும் இருக்கிற தாய்க்கு, ஊறிய பால்கூட இறங்கத் தயங்கும். அந்த வகையில் காரல் தண்ணி வேலை செய்தது என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

நான்காவது ராத்திரி மார்பு கனத்தது. விடிவதற்குள் சேலை நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு பவுடர் தேவைப்படவில்லை. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வந்தபோது பிள்ளை முழுக்கத் தாய்ப்பாலில் கொழுகொழுவென்று இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பழைய பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் எதற்கு இதை உருட்டிக்கொண்டிருக்கிறாய் என்று கூட வேலை பார்க்கிற அக்கா கேட்கிறார். நல்லபடியாக முடிந்ததுதான். ஆனால் அந்த ராத்திரி ஒரு கேள்வி நேராகக் கேட்கப்பட்டது. நான் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று சொன்னால் அடுத்த நிமிடம் எதிர்த்த மெடிக்கலில் டப்பா வாங்கி வந்துவிடுவார்கள் என்று பயந்தேன். பயந்தது நியாயம்தான். இருந்தாலும், தன் பேரப்பிள்ளையின் பசியைப் பற்றிக் கேட்கிற ஒருவருக்கு நேரான பதில் கிடைக்க வேண்டாமா?

அதனால் இப்போதெல்லாம் யாராவது அப்படிக் கேட்டால், ஆமாம்மா, பசிக்குது என்றே சொல்லிப் பார்க்கிறேன். சொல்லிவிட்டு, வாங்க, கையால் பீய்ச்சிப் பார்ப்போம், வருகிற நாலு சொட்டையும் கரண்டியில் பிடித்துக் கொடுப்போம் என்று உட்கார்ந்துவிடுகிறேன். சில வீடுகளில் இது நன்றாகவே நடக்கிறது. ஒரு வீட்டில் நான் "பசிக்குது" என்றதும் பிள்ளையின் அப்பா மீதியைக் கேட்கவே இல்லை. பத்து நிமிடத்தில் டப்பாவும் புட்டியுமாக வந்து நின்றார். ஒன்றரை மாதத்தில் அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் அடியோடு நின்றிருந்தது. சுற்றி வளைத்துப் பதில் சொன்ன வீட்டில் தாய்ப்பால் நிலைத்தது, உள்ளதைச் சொன்ன வீட்டில் நிலைக்கவில்லை. இதிலிருந்து நான் என்ன கற்றுக்கொள்வது?

புதிதாக வந்திருக்கிற தங்கச்சி ஒருத்தி, யாராவது அப்படிக் கேட்டால் நான் என்னக்கா சொல்றது என்றாள். சொல்வதற்கு முன் தாயின் மார்பைத் தொட்டுப் பார், துணியை நீயே எடுத்துப் பார், ரத்தம் அதிகம் போன தாய் என்றால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்சக் கற்றுக்கொடு என்றேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மட்டும் அவளுக்கு என்னால் கொடுக்க முடியவில்லை.

சிசேரியன் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் ஒரு முறையும், இரண்டாவது ராத்திரி ஒரு முறையும் எடை பார்க்கலாமே என்று கேட்டிருக்கிறேன். அடிக்கடி எடை பார்த்தால் தாய்மார்கள் தேவையில்லாமல் பயந்துவிடுவார்கள் என்கிறார் டாக்டர். அதிலும் உண்மை இருக்கிறது. ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷின் இருக்கிற அறைவரை போய்வர ஆளும் இல்லை. மெஷினை வார்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தால் ஆள் பிரச்சினையாவது தீரும். அடுத்த மீட்டிங்கில் அதைக் கேட்கப் போகிறேன்.