காலுக்குப் பின்னால் பனங்கொட்டை

மலர்க்குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் எடுத்து, "அண்ணை, இந்த முறை கட்டாயம் எழுதித் தரவேணும், உங்கட கிரிக்கெட் காலத்தைப் பற்றி எழுதுங்கோ" என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தால், கண் முன்னால் முதலில் வந்து நின்றது நம் கல்லூரி மைதானம் இல்லை, அமெரிக்காவில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் ஓர்ச்சர்ட் பார்க் என்ற ஊரின் அமெரிக்கன் ஃபுட்போல் ஸ்டேடியம். ஆகவே இது எந்த விளையாட்டைப் பற்றிய கட்டுரை என்று கேட்டால் எனக்கே மறுமொழி இல்லை. கோச் சேரைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் 17 வயதுக்குட்பட்டோர் அணியில் நான் தொடக்கத் துடுப்பாட்டக்காரன். திறமையால் கிடைத்த இடம் அல்ல, புதுப்பந்துக்கு முன்னால் போய் நிற்க வேறு ஒருவருக்கும் விருப்பம் இருக்கவில்லை, அவ்வளவுதான். மட்டிங் விரித்த பிட்ச்சில் பந்து குத்தி எழும்புகிற எழும்பல் விளையாடினவர்களுக்குத் தெரியும். பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே என் வலது கால் தன்பாட்டில் லெக் பக்கம் ஒதுங்கத் தொடங்கிவிடும். "மச்சான் அம்பயரோட கதைக்கப் போறான்" என்று பொடியள் நக்கலடிப்பார்கள்.

சேர் ஏசவில்லை. ஒரு பின்னேரம் வேலிக்கரைப் பனைகளுக்குக் கீழே கிடந்த காய்ந்த பனங்கொட்டைகளைப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கி வந்து, என் குதிக்காலுக்குப் பின்னாலும் லெக் பக்கத்திலும் வரிசையாக அடுக்கி, சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பிறகு வாளித் தண்ணீரில் ஊறின டெனிஸ் பந்தை எடுத்துக்கொண்டு பாதிப் பிட்ச்சில் நின்று எறியத் தொடங்கினார். ஊறின பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக வரும், பட்டால் சுள்ளென்று சுடும். நான் ஒதுங்க, பனங்கொட்டையின் கூர்முனை உள்ளங்காலில் ஏற, "ஐயோ" என்று குதிக்க, அடுத்த பந்து தொடையில். அன்றைக்கு எத்தனை தரம் மிதித்தேன் என்று கணக்கில்லை. கடைசியில் பேசாமல் மரம்போல நின்று பார்த்தேன். அதற்கும் சேர் வந்து தோளில் தட்டினார்.

"ஒதுங்காதை எண்டனான், செத்த பிணம் மாதிரி நில் எண்டு சொல்லேல்லை. சின்னன் சின்னனா அசை. கண் பந்தில இருக்கட்டும், கால் தன்ர வேலையைப் பாக்கும்."

அந்த வருடம் பெரிய மட்ச்சில் நான் எடுத்தது 14 ஓட்டம். எல்.பி.டபிள்யூ. அதில் கதை ஒன்றும் இல்லை. பிறகு நாடு போன போக்கில் மட்டிங்கும் போய், நாங்களும் ஆளுக்கொரு திசையாகப் போய், நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வந்து விழுந்தேன்.

இங்கே பிறந்த மகனுக்குக் கிரிக்கெட் ஏறவில்லை. அவனுக்கு பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்போல் அணிதான் எல்லாம். ரொறன்ரோவில் இந்த வியாதி நிறையப் பேருக்கு உண்டு. கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையைப் பிடித்து எல்லைப் பாலம் தாண்டினால் வாகன நெரிசல் இல்லாத நாளில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம் என்பது ஒரு காரணம். 2018 செப்டெம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஜோஷ் அலன் என்ற புதுப் பொடியன் முதல் தடவையாக குவாட்டர்பாக்காக, அதாவது பந்தை வாங்கி எறிகிற ஆளாக, ஆட்டத்தைத் தொடங்கப் போகிறானாம், எதிரணி லொஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ்.

பொடியனின் கதையை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். கலிபோர்னியாவில் ஃபயர்போ என்ற சின்ன ஊர், கமக்காரக் குடும்பம். பள்ளிக்கூடம் முடிந்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை. ரீட்லி என்ற சிறிய கல்லூரியில் ஒரு வருடம் விளையாடிவிட்டு, நாடு முழுக்க உள்ள பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கிருந்து, அணிகள் முறைவைத்துப் புது ஆட்களைத் தெரிவுசெய்கிற 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாக பில்ஸ் எடுத்தது. கை பீரங்கி, ஆனால் குறி தவறும் என்பதுதான் அவனைப் பற்றிய பேச்சு. கமக்காரன் மகன் என்றதும் எனக்கு ஒரு பட்சம் வந்துவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது கோல் பக்கத்தில் உச்சாணி வரிசை, மலிந்த டிக்கெட். ஆனால் அந்த இடம்தான் கண்ணைத் திறந்தது. தொலைக்காட்சியில் பக்கவாட்டில் பார்க்கும்போது ஆள்மேல் ஆள் விழுகிற அடிபிடிதான் தெரியும். பின்னாலிருந்து, மேலேயிருந்து பார்த்தால் குவாட்டர்பாக்கைச் சுற்றி அவனுடைய ஐந்து லைன்மன்களும் லாட வடிவத்தில் கட்டுகிற ஒரு வளவு தெரிகிறது. அதுதான் பொக்கற். அதன் ஆயுள் இரண்டரை, மூன்று வினாடி. அதற்குள் யாருக்கு எறிவது என்று பார்த்து, எறிந்தும் முடிக்கவேண்டும்.

ஃபுட்போல் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். குவாட்டர்பாக் பந்தை வாங்கினதும் பின்னோக்கி மூன்று அடியோ ஐந்து அடியோ வைக்கிறானே, அது பயந்து பின்வாங்குவது இல்லை, அது கடிகாரம். கடைசி அடி நிலத்தில் ஊன்றும்போது, பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களில் முதல் ஆள் காவலிலிருந்து விடுபட்டிருக்கவேண்டும். இல்லையா, முன்னுக்கு ஒரு சின்னக் குதிப்பு, கண் இரண்டாம் ஆளுக்குப் போகும். இன்னொரு குதிப்பு, மூன்றாம் ஆள். எத்தனை நேரம் போய்விட்டது என்று தலை எண்ணாது, பாதம் எண்ணும். லைன்மன்களில் இரண்டு ஓரங்களிலும் நிற்கிற டாக்கிள் இருவரும் பாய்ந்து வருகிறவனை நிறுத்திப் பிடிக்கவேண்டும் என்று இல்லை. வட்டமாகச் சுற்றி வரவிட்டு, குவாட்டர்பாக்கின் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டாலே போதும். அவன் பின்னால் போகிற நேரத்தில் குவாட்டர்பாக் இரண்டு அடி முன்னுக்கு ஏறினால் தப்பினான். பயத்தில் இன்னும் பின்னால் போனால்? அந்த வட்டத்துக்குள் தானாகவே போய் விழுகிறான். ஊர் முழுக்க டாக்கிளைத்தான் திட்டும், பிழை காலில் இருக்கும்.

அன்றைக்கு அலன் செய்ததும் இதுதான். முன்னால் இடம் கிடக்க, பின்னால் போனான், அல்லது வலது பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடினான். ஐந்து தடவை சாக் ஆனான், அதாவது எறியமுதலே பிடிபட்டு விழுந்தான், இரண்டு பந்தை எதிரணியின் கையில் கொடுத்தான். இடைவேளையில் 28-6. பில்ஸின் வொன்டே டேவிஸ் என்ற அனுபவசாலி அந்த இடைவேளையிலேயே எனக்கு இந்த விளையாட்டுப் போதும் என்று ஓய்வு பெற்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார், பகிடி இல்லை, உண்மை. கடைசியில் 31-20, தோல்வி. சுற்றியிருந்த சனம் டாக்கிளையும் கோச்சையும் திட்ட, மகன் தலையில் கை வைத்தபடி இருக்க, நான் மட்டும் அந்தப் பொடியனின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கால் கூசியது. நாற்பது வருடத்துக்குக் கிட்ட முன்னால் மிதித்த பனங்கொட்டை.

திரும்பி வரும்போது மகனிடம் சொன்னேன், "உவனுக்குக் கையில பிழையில்லை, காலில தான் பிழை." அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அடுத்த கிழமையே மினசோட்டாவில் 27-6 வெற்றி, எதிரணியின் அந்தனி பார் என்ற மலைபோன்ற மனுசனை அலன் ஓடிவந்து தாண்டிக் குதித்தது ஊர் முழுக்கப் படமாக ஓடியது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. குதிக்கிறவன் குதிப்பான். ஒக்டோபரில் ஹூஸ்டன் மட்ச்சில் வலது முழங்கை அடிபட்டு நான்கு ஆட்டம் வெளியே இருந்தானே, அது நல்லதுக்குத்தான் என்பது என் எண்ணம். ஓரத்தில் நின்று, டெரிக் அண்டர்சன், மாட் பார்க்லி போன்ற பழம் ஆட்கள் எப்போது நின்று எப்போது பந்தை விடுகிறார்கள் என்று பார்க்கக் கிடைத்தது. திரும்பி வந்தவன் கொஞ்சம் வேறு ஆள். அப்போதும் ஓடினான், அந்த வருடம் அவன் ஓடியெடுத்த யார்ட் மட்டும் 631, ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் ஒரு நிற்றல் வந்திருந்தது. கணக்கைப் பார்த்தால் அழகில்லை: எறிந்ததில் 52.8 வீதம்தான் ஆளிடம் போய்ச் சேர்ந்தது, 10 டச்டவுன், 12 பறிகொடுத்த பந்து. டிசெம்பர் 30, கடைசி ஆட்டத்தில் மயாமிக்கு எதிராக மூன்றை எறிந்தும் இரண்டை ஓடியும் எடுத்து 42-17 என்று முடித்தான்.

அப்புறம் ஆட்டம் இல்லாத மாதங்களில் ஜோர்டன் பாமர் என்ற முன்னாள் குவாட்டர்பாக்கிடம் போய்க் காலடியையும் இடுப்பையும் திருத்திக்கொண்டான். முன்னங்கால் அகல எட்டினால் உடம்பு பின்னுக்குத் தங்கும், பந்து தலைக்கு மேலால் போகும், இதெல்லாம் சேர் துடுப்போடு சொன்ன விஷயம்தான். ஆளிடம் போய்ச் சேர்ந்த எறி 2019 இல் 58.8 வீதம், 2020 இல் 69.2. இப்படி ஏறினவன் மிகக் குறைவு என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

சேர் 2009க்கு முன்பே ஊரில் காலமாகிவிட்டார். கடைசியாகப் போனில் கதைத்தபோது நான் இப்போது என்ன விளையாடுகிறேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை சேர் என்றேன். "கால் எப்படி?" என்றார். நீரிழிவைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை சேர் என்று சொல்லிவிட்டேன்.

2020 கோவிட் காலம், ஸ்டேடியத்துக்குள் ஆட்களை விடவில்லை. ஒரு ஞாயிறு வீட்டு பேஸ்மென்ட்டில் மகனோடு இருந்து பார்க்கிறேன். ஐந்தடி, ஊன்றல், ஒரு சின்னக் குதிப்பு. இடது பக்கத்தால் ஒருவன் வட்டமடித்துக்கொண்டு வருகிறான், அலனின் கண் தூரத்தில், கால் மட்டும் இரண்டு சின்ன அடி முன்னுக்கு. "அப்படித்தான்!" என்று நான் கத்தின கத்தில் மேலேயிருந்து மனுசி என்ன என்ன என்று ஓடி வந்தார். மகன் திரையில் எங்கேயோ கடைசி மூலையைக் காட்டி, "அப்பா, போல் அங்கை" என்றான்.

பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவே இல்லை.