சீட்டில் எழுதாதவை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு அருகே ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். தென்காசி, ராதாபுரம், சாத்தான்குளம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறவர்களின் கையில் சீட்டு இருக்கும்; கண்ணில் இரண்டு மூன்று இரவுத் தூக்கம் பாக்கி இருக்கும். மருத்துவருக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார், செவிலியருக்கு நிற்க நேரமில்லை. ஆகவே, அங்கே கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவையும், சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கியவையும் பெரும்பாலும் எங்கள் கடைப் பலகையின் மேல்தான் வந்து விழுகின்றன.

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த, பீடி சுற்றும் அம்மா ஒருவர், ஒரு மாதத்துக்கு எழுதியிருந்த இரத்த அழுத்த மாத்திரையைப் பாதி மட்டும் கேட்டார். அட்டையை வெட்ட எடுத்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டேன். கத்தரிக்கோல் நம் கையில் இருக்கும்வரை எதிரில் நிற்பவர் சுருக்கமாகத்தான் பேசுவார் என்பது இந்த வேலை கற்றுக்கொடுத்த பாடம். "முழுசாப் போட்டா எப்படித் தம்பி கட்டும்? பாதி பாதியா முறிச்சுத்தான் போடுதேன்" என்றார். பிறகு மகளின் பிரசவத்துக்கு வாங்கிய கடன் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம் என்று தெரிந்தும், அங்கே போய்க் காத்திருந்தால் அன்றைய சுற்று குறைந்து கூலியும் குறையும் என்ற கணக்கு வந்தது. மாத்திரையை முறிப்பதை மருத்துவரிடம் அவர் சொல்லவில்லை. சொல்லாதவரை, அழுத்தம் குறையவில்லையே என்று மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டத்தான் செய்வார். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதே வகை மாத்திரைகள் வீட்டுக்கே வருவதை எடுத்துச் சொல்லி, ஊரில் யாரிடம் பதிய வேண்டும் என்பதையும் விளக்கினேன். சொல்வதற்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அவருக்கு வேண்டியது அதுதான் என்று தெரிந்துகொள்ளத்தான் நேரம் பிடித்தது.

மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயை, அதாவது தீராத உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணை, என் தொழிலை வைத்தே நான் வாசிக்கிறேன். பன்னிரண்டு வருஷம் நோய்ப்பட்டு, வைத்தியர் பலரிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் குணப்படாதவள் அவள். அப்படிப்பட்டவர்கள் எங்கள் கடை வாசலில் தினமும் நிற்கிறார்கள். இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டவுடனேயே அவள் சுகமாகிவிட்டாள். அவர் பார்க்கப் போய்க்கொண்டிருந்த, யவீரு என்பவரின் மகளோ மரணப் படுக்கையில் கிடக்கிறாள். அந்த அவசரத்திலும் இயேசு நின்று, தம்மைத் தொட்டது யார் என்று கேட்டு, அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை இருக்கிறார். குணமாக்குவது மட்டுமே நோக்கமாயிருந்தால் அந்த நிறுத்தத்துக்கு வேலையே இல்லை. பன்னிரண்டு வருஷத்துக் கதையை ஒருவர் முழுவதுமாகக் கேட்பதும் அவளுக்குச் சேர வேண்டிய இரக்கத்தின் பகுதி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் சபைகளில் பேசுகிறவர்களுக்கு மேடை உண்டு; கேட்கிறவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒருவர் தம் கஷ்டத்தைப் பாதி சொல்லும் முன்பே "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று முடித்துவைப்பது பல நேரங்களில் விசுவாசத்தினால் அல்ல, மீதியைக் கேட்க நமக்குத் தெம்பில்லாததனால்தான். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. 1901இல் பண்ணைவிளையில் மிஷனரி ஏமி கார்மைக்கேலிடம், கோயிலிலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கு நேர்ந்ததைச் சொன்னாள். குழந்தை ஏதோ உளறுகிறது என்று அவர் தள்ளியிருந்தால், டோனாவூரில் அவர் நடத்திய குழந்தைகள் இல்லத்தின் சரித்திரமே வேறாகியிருக்கும்.

தூக்க மாத்திரை கேட்டு, சீட்டு இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. அல்பிரசோலம் போன்றவை 2014 முதல் 'ஹெச்1' அட்டவணையில் இருப்பவை. மருத்துவர் சீட்டு வேண்டும், வாங்கியவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எனவே, இல்லை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதோடு அடுத்த சீட்டுக்குத் திரும்பிவிடுவது கடமை முடிந்த மாதிரி ஆகாது. ஓர் இளைஞரிடம் "எத்தனை நாளாத் தூக்கம் இல்ல தம்பி?" என்று கேட்டேன். கைப்பேசிச் செயலியில் வாங்கிய கடன், அவருடைய நண்பர்களுக்கெல்லாம் போன மிரட்டல், ஊருக்குள் தலைகாட்ட முடியாத நிலை என்று ஒவ்வொன்றாக வந்தது. சாகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. ஆமாம் என்றார். மாத்திரை உறையின் பின்புறத்தில் 14416 என்ற டெலிமனஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணை, எழுதிக் கொடுத்து, கடைப் பையனைத் துணைக்கு அனுப்பி, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் செய்தேன்.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மேலப்பாளையத்திலிருந்து இஸ்லாமியர்களும் நிறைய வருவார்கள். சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கிறீர்களா என்று சபையில் சிலர் கேட்பதுண்டு. துன்பத்தில் வாய் திறந்தவரிடம், கேட்டதற்குக் கூலிபோல எதையும் நீட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஏன் இவ்வளவு நேரம் நின்று கேட்கிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால், நான் யாரைப் பின்பற்றுகிறேன் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

கடை முதலாளிக்கு இதில் வருத்தமும் உண்டு, அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். வரிசையில் பின்னால் நிற்பவரும் நோயாளி வீட்டுக்காரர்தான். மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும்போது, உயிருக்கு ஆபத்தான விஷயம் தவிர மற்றவர்களிடம், நாளை மதியம் மூன்று மணி வாக்கில் வாருங்கள், நிதானமாகப் பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை.