கொம்புச்சாவுக்கு ஜாடி வாங்கும்போது வாயைப் பார்த்து வாங்குங்க

இனிப்பு டீயைப் புளிக்க வைத்துக் குடிக்கிற கொம்புச்சா போடப் பாத்திரம் தேடுகிறவர்கள் நேராகப் போய் நிற்பது பீர் கலன்களின் முன்னால்தான். குறுகின வாய், இறுக்கமான மூடி, உள்ளே இருக்கிற வாயு மட்டும் வெளியேற ஒரு தண்ணீர்ப் பூட்டு. பீருக்கு அதுதான் சரி, காற்று பட்டால் பீர் கெட்டுவிடும். கொம்புச்சாவுக்கு அந்தக் கலன் நேர் எதிரி. டீயைப் புளிக்க வைக்கிற அசிட்டிக் பாக்டீரியா காற்று இல்லாமல் வேலை செய்யாது. மூடி இறுகினால் ஈஸ்ட் மட்டும் ஓடும். புளிப்பு ஏறாது, சாராயச் சத்து கூடும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது வாய் அகலம். அதைவிட முக்கியம், திரவத்தின் மேல்மட்டம் எங்கே நிற்கிறது என்பது. 5 லிட்டர் ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயிறு 18 செ.மீ. விட்டம், கழுத்து 10 செ.மீ. வயிறு நேராக இருக்கிற இடத்தோடு நிறுத்தினால் காற்றுப் படும் பரப்பு சுமார் 254 சதுர செ.மீ. ஆசைப்பட்டுக் கழுத்து வரை ஊற்றினால் 79 சதுர செ.மீ.தான். அதே ஜாடி, அதே டீ, ஆனால் காற்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. "பத்து நாளாச்சு, இன்னும் இனிப்பாவே இருக்குதுங்க" என்றால், உறை ஊற்றின பழைய டீயைக் குறை சொல்வதற்கு முன்னால் ஜாடியை எதுவரை நிரப்பினீர்கள் என்று பாருங்கள். திரவத்தின் ஆழம் அதன் விட்டத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. இந்த 18 செ.மீ. ஜாடியில் 4 லிட்டர் ஊற்றினால் ஆழம் 16 செ.மீ. கூட வராது, பொருத்தமான அளவு.

எதில் செய்த பாத்திரம் என்பது அடுத்தது. முடிந்த கொம்புச்சாவின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3-ஐ ஒட்டி நிற்கும். புளிக்கரைசலை விட்டுவைக்காத இடத்தில் இதையும் விட்டுவைக்கக் கூடாது. செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றும் வேண்டாம். உலோகம் கரைந்து டீயில் இறங்கும். மண்பானை மீது நமக்குப் பாசம் உண்டு, ஆனால் அதன் துளைகளில் தங்கும் பூஞ்சையை எப்படித் தேய்த்தாலும் எடுக்க முடியாது. பளபளவென்று வண்ணப் பூச்சுப் பூசின பீங்கானில் நிஜமான ஆபத்து இருக்கிறது. பூச்சில் ஈயம் இருந்தால் ஒவ்வொரு தவணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அப்படிப் பீங்கான் பாத்திரத்தில் போட்ட கொம்புச்சாவைக் குடித்தவர்களுக்கு ஈய நஞ்சு ஏறியது 1998-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஈயம் இல்லாத பூச்சு என்று கடைக்காரர் எழுத்தில் தராவிட்டால் அந்த ஜாடி ஊன்றுகோல் போட்டு வைக்க மட்டும் ஆகட்டும்.

எவர்சில்வர் போசி ஆகுமா என்றால், 304 தரமாக இருந்தால் ஆகும். சிக்கல் என்னவென்றால், மலிவான பாத்திரங்களில் நிறைய 200 வரிசை என்கிற மட்டமான எவர்சில்வர் தகடு. அமிலத்தை அவ்வளவாகத் தாங்காது. காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. அடியில் 304 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக்கில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 எண் போட்ட, உணவுத் தரம் என்று எழுதின புதுக் கலன் சரி. உள்ளே கீறல் விழுந்ததும் மாற்றிவிட வேண்டும். பெயிண்ட் வாளி, எண்ணெய் கேன் கூடவே கூடாது. வீட்டுக்கு என்றால் என் ஓட்டு கண்ணாடிக்குத்தான். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும், நாற்றம் ஒட்டாது. ஒரே எச்சரிக்கை: சூடான டீயை நேராக ஊற்றினால் அடி விரிசல் விடும்.

4 லிட்டருக்கு அளவு இது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் இறக்கி 25 கிராம் நீலகிரி இலைத் தேயிலை, 10 நிமிடம். வடிகட்டி 250 கிராம் சர்க்கரை கரைத்து, காய்ச்சி ஆறின 2 லிட்டர் தண்ணீரைச் சேருங்கள். கை வைத்தால் சூடே தெரியாத பதம் வந்த பிறகு ஜாடியில் ஊற்றி, கடைசியாக அரை லிட்டர் உறை. இந்த உறை என்பது போன தவணையின் புளித்த டீ. தயிருக்கு உறைமோர் மாதிரி. மேலே தோல் மாதிரி மிதக்கிற வட்டு இல்லாவிட்டாலும் நடக்கும், உறை இல்லாமல் நடக்காது. பி.எச். தாளில் 4.5-க்குக் கீழே காட்டினால் பூஞ்சைக்கு இடம் குறைவு. சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, சீக்கிரம் புளிக்கும். அவிநாசி, திருப்பூர்ப் பக்கத்து உப்பு போர் தண்ணீரில் அமிலத்தைத் தின்கிற கார்பனேட் இருப்பதால் பி.எச். இறங்கத் தாமதமாகும், உறையைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஜாடி வாயை மூடி வேடு கட்டும் துணியில் பலர் ஏமாறுவார்கள். கொசுவலையும் சல்லடைத் துணியும் பழ ஈயைத் தடுக்காது, மாம்பழ சீசனில் மூன்றே நாளில் புழு நெளியும். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்குங்கள்.

ஜாடியை அட்டாலியில் (பரணில்) ஏற்றாதீர்கள். 24-லிருந்து 29 டிகிரி வரை நல்ல பதம். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை மாதத்தில் தளத்துக்குக் கீழே ராத்திரிகூட அதற்கு மேலே நிற்கும். ஐந்தே நாளில் வினிகராகிவிடும். வெயில் படாத ஆசாரத்து (கூடத்து) மூலையில், அகலமான தட்டில் தண்ணீர் விட்டு ஜாடியை நிறுத்தி, ஈரத்துணி சுற்றி வையுங்கள். ஆடிக் காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் குளிர்ந்து கிடக்கும்போது பத்துப் பன்னிரண்டு நாள் பொறுக்க வேண்டும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படிந்தால் பயமில்லை. பச்சையாகவோ கறுப்பாகவோ, உலர்ந்து பஞ்சு மாதிரி முளைத்தால் வட்டோடு சேர்த்து மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். சுரண்டி எடுத்துக் குடிப்பது தப்பு.

குழாய் வைத்த ஜாடி வசதிதான். ஆனால் ஜாடியோடு வரும் குழாய் பெரும்பாலும் முலாம் பூசினது, அமிலத்தில் உரியும். அதைக் கழற்றிவிட்டு 304 எவர்சில்வர் குழாய் மாட்டுங்கள். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சிலிக்கான் வாஷர், கையால் மட்டும் முறுக்கணும். ஸ்பானர் போட்டால் துளையோரம் தெறிக்கும். தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விட்டால் ஒழுகல் தெரிந்துவிடும். துளை அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஈஸ்ட் மண்டி வந்து அடைக்காது.

நுரை வேண்டுமானால், புளித்து முடிந்ததைப் பாட்டிலில் அடைப்பது வேறு விசயம். சதுர பாட்டில் வேண்டவே வேண்டாம், அழுத்தம் மூலைகளில் சேர்ந்து வெடிக்கும். முதல் சில தடவை சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் 4 செ.மீ. இடம் விட்டு மூடுங்கள். காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகினதும், வெயில் காலத்தில் ஒரே நாளில்கூட, ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.