தூ என்றால் நீ, நீ என்றால் இல்லை

போன ஞாயிறு வீடியோ காலில் அம்மா பதறிப்போனார். “புள்ளையப் பாத்து ஏன்டா தூ தூன்னு துப்புற?”

துப்பவில்லை. மகளுக்கு ஐரிஷ் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சரி, உண்மையில் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அயர்லாந்தின் டப்ளினில் தொடக்கப் பள்ளியிலேயே அந்நாட்டு மொழியான ஐரிஷ் உண்டு. அதில் ‘தூ’ என்றால் நீ. அது போதாதென்று ‘நீ’ என்றால் இல்லை. ‘அன் இம்ரீன் தூ?’ என்றால் நீ விளையாடுவாயா? ‘நீ இம்ரீம்’ என்றால் நான் விளையாடுவதில்லை. எண்பது வயதுப் பெரியவரையும் தூ என்றுதான் கேட்க வேண்டும். எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது.

கேள்விக்குப் பதிலாகத் தனியே சொல்ல ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல் அந்த மொழியில் கிடையாது. கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” நமக்கென்ன புதுசா?

அன்றைய பாடம் பொழுதுபோக்கு. நிகழ்காலத்தில் ஐந்து வாக்கியம். வினைச்சொல் முதலில் வரும். நம்முடைய ‘ஏன்’ விகுதி மாதிரி, நான் என்பதற்குக் கடைசியில் ஓர் ‘இம்’. கனிம், பாடுகிறேன். ரிஹிம், ஓடுகிறேன். மகள் ‘இம்ரீம் வயலின்’ என்று எழுதிவைத்திருந்தாள். ஆங்கிலத்தில் பந்துக்கும் வயலினுக்கும் ஒரே ‘பிளே’தானே, அந்தப் பழக்கம். “பந்து விளையாடுவோம், வயலினை வாசிப்போம்ல? இவங்களும் அப்படித்தான். ஆட்டத்துக்கு இம்ரீம், வாத்தியத்துக்கு ஷெனிம்” என்று திருத்தினேன். தமிழ் தெரிந்தவனுக்கு ஐரிஷ் தூசு என்று ஒரு பெருமிதம் வேறு.

அந்தப் பெருமிதத்தோடுதான் வியாழன் மாலை நூலகத்தில் நடக்கும் ஐரிஷ் பேச்சு வட்டத்துக்குப் போனேன். அரசியல் சட்டப்படி 1937 முதல் நாட்டின் முதல் ஆட்சிமொழி இது. 2022 கணக்கெடுப்பில் 18 லட்சம் பேருக்கு மேல் பேசத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் என்று பார்த்தால் சுமார் 72,000 பேர்தான். அந்த 72,000 பேரில் ஒருவர் என் எதிரில், டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்.

புத்தகம் படிப்பேன் என்று சொல்ல வேண்டும். படிப்பதற்கு ‘லேம்’ என்று பார்த்த ஞாபகம். அதோடு இம் சேர்த்தேன். “லேமிம் லௌர்!”

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. “அன் லேமன் தூ?”

விதிப்படி வினைச்சொல்லைத் திருப்பிச் சொன்னேன். “லேமிம்!”

“எவ்வளவு உயரம்?” என்றார் ஆங்கிலத்தில்.

மேஜையே குலுங்கியது. விஷயம் இதுதான்: ‘லேம்’ என்பதே ‘படிக்கிறேன்’. இம் ஏற்கெனவே உள்ளே கரைந்துபோயிருக்கிறது. நான் மேலே இன்னோர் இம்மை ஒட்டியதும் அது ‘குதிக்கிறேன்’ ஆகிவிட்டது. அதாவது, ஓய்வு நேரத்தில் நான் புத்தகங்களைத் தாண்டிக் குதிக்கிற ஆள்.

லேம், லேம், லேம் என்று பத்து முறை சொல்லவைத்துத்தான் விட்டார்கள். படிக்கிறேன், படிக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன். நல்ல மழை. வாசல் படியில் இறங்கும்போது பின்னாலிருந்து பெரியவர் குரல், “லேம்!”

என்னத்தைப் படிக்கச் சொல்கிறார்? சுற்றுமுற்றும் பார்த்தேன். அறிவிப்புப் பலகைகூட இல்லை. அவர் என் காலடியைக் காட்டி மறுபடியும் “லேம்! லேம்!” என்று கத்தினார். ‘குதி’ என்று ஏவுவதற்கும் அதே சொல்தான் என்று உறைப்பதற்குள், ஒரு கால் குட்டைக்குள் கணுக்கால்வரை போயிருந்தது.