மோதிரம் கொடுத்த சனம்

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். கூட்டாட்சி பற்றிப் பேச்சு வந்தால் பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலம் 1932இல் அரசியலமைப்பு வேண்டும் என்று மத்திய அரசை எதிர்த்துக் கிளம்பிய கதையை எடுக்காமல் விடமாட்டேன். பாடத்திட்டத்தில் இல்லைதான், ஆனால் படைத்தளபதிகளும் பணக்காரரும் எப்படிக் கைகோர்க்கிறார்கள், எங்கே கைவிடுகிறார்கள் என்பது இதில் அப்படியே தெரியும்.

யாருக்கு யார் பகை என்பதைத்தான் முதலில் பலகையில் எழுதுவேன். 1924இல் அதே நகரத்தில் கலகம் செய்து, அரசாங்கம் குண்டு போட்டுச் சனம் ஓடக் காரணமாக இருந்தவர் ஜெனரல் இசிடோரோ. எட்டு வருசத்தில் அவரே கோப்பி முதலாளிகளோடு சேர்ந்து கிளர்ச்சிக்குத் தலைமை தாங்குகிறார்! 1930இல் கெத்துலியோ வார்காஸ் நாட்டின் ஆட்சியைப் பிடித்தபோது சாவோ பாவுலோவின் ஜனநாயகக் கட்சி அவர் பக்கம், குடியரசுக் கட்சி எதிர்ப்பக்கம். 1932 தொடக்கத்தில் இரண்டும் ஒரே முன்னணி. மாநிலத்தை ஆள வார்காஸ் நியமித்த பெத்ரோ டி டொலேடோவே கிளர்ச்சிக்காரரின் ஆளுநர்.

"அப்ப இவை முந்தி ஆளுக்காள் அடிபட்ட ஆக்கள்தானே ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதேதான். பொது எதிரியைத் தவிர அவர்களைக் கட்டிவைக்க வேறெதுவும் இல்லை.

ஜூலை 9இல் சண்டை தொடங்கியது. பெரும்படையோடு வருவார் என்று நம்பியிருந்த ஜெனரல் கிளிங்கர் சில அதிகாரிகளோடு வந்து இறங்கினார். துணைக்கு வரும் என்று எதிர்பார்த்த ரியோ கிராண்டே டோ சூல் மாநில அரசு வார்காஸோடு நின்றுவிட்டது. கடற்படை சாந்தோஸ் துறைமுகத்தை மறித்தது. துறைமுகத்தை மறித்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று திருகோணமலைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

முன்னரங்கில் நின்றவர்களில் நிறையப் பேர் தொண்டர்கள், மாணவர்கள். தோட்டாத் தட்டுப்பாட்டில், கைபிடியைச் சுற்றினால் இயந்திரத் துப்பாக்கி மாதிரிச் சடசடக்கும் ஒரு கருவியைச் செய்து எதிரியை ஏய்த்தார்கள். வீடுகளில் கலியாண மோதிரத்தைக் கழற்றிப் போர் நிதிக்குக் கொடுத்தார்கள். அப்புறம் ஒக்டோபர் தொடக்கத்தில் மாநிலத்தின் சொந்தப் படையே, ஆளுநரைத் தள்ளிவிட்டு, மத்திய படையோடு தனியாகப் பேசி முடித்துக்கொண்டது.

தலைவர்கள் பலரை போர்த்துக்கலுக்கு நாடுகடத்தினார்கள். ஆனால் அடுத்த வருசமே வார்காஸ் அந்த மேல்தட்டைச் சேர்ந்த ஒருவரிடம் மாநிலத்தை ஒப்படைத்தார். கோப்பித் தோட்டக்காரரின் கடனிலும் சலுகை கிடைத்தது.

"மோதிரம் குடுத்த ஆக்களுக்கு?" என்பது அடுத்த கேள்வி. 1933இல் தேர்தல், 1934இல் அரசியலமைப்பு என்று சொல்வேன். அந்தத் தேர்தலுக்கு நாள் குறித்தது கிளர்ச்சிக்கு முன்பே, 1932 மேயில் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை, எனக்கும்தான்.