பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பது

காரைக்குடியில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, சுற்றுக் கிராமத்தாருக்குத் தகவல் உரிமை மனு எழுதிக் கொடுப்பதும் அன்றாட வேலைகளில் ஒன்று. பெரும்பாலும் ஊருணியையோ அதன் வரத்துக்காலையோ பற்றித்தான் வருவார்கள். ஆறு ஓடாத செட்டிநாட்டு ஊர்களில் வரத்துக்கால் அடைபட்டால் ஊருணி வறண்டுவிடும்; ஆகவே அவர்களுடைய பதைப்பு நியாயமானது.

"ஆக்கிரமிப்பை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள் ஐயா" என்பார்கள். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தருவது, அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைப் பெறும் உரிமை. ஏன், எதற்கு என்று கேட்டால், அது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அதையே, இன்ன புல எண்ணுக்குரிய 'அ' பதிவேட்டுப் (ஊர் நிலங்களின் பரப்பும் வகையும் எழுதப்பட்ட கிராமக் கணக்கு) பக்கம், புல வரைபடம், ஊரார் கொடுத்த புகார் மனுவின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள் என்று பெயர் சொல்லிக் கேட்டால் தட்டிக் கழிப்பது எளிதல்ல. கேட்ட கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலேயே இருக்கும்.

பழைய ஆவணம் என்றால் இன்னொரு சிக்கல். சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. எனவே அதற்கு முந்தைய கோப்பு எங்கே இருக்கிறது என்பது மனுதாரருக்குத் தெரிய நியாயமில்லை. 'இவ்வலுவலகத்தில் இல்லை' என்று எழுதி முடித்துவிடுவது தவறு என்றே சொல்வேன். உரிய அலுவலகத்துக்கு மனுவை 5 நாட்களுக்குள் மாற்றி அனுப்பவேண்டும் என்கிறது 6(3) பிரிவு. அதை மனுவிலேயே எழுதிவிடுகிறேன்.

நகலைவிட நேரில் பார்வையிடக் கேட்பதே மேல் என்பது என் அனுபவம். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. ஒருமுறை முதியவர் ஒருவரோடு சென்றிருந்தபோது, எழுத்தர் எடுத்து விரித்த புல வரைபடத்தில் வரத்துக்கால் இரட்டைக் கோடாக ஊருணிவரை ஓடியது. பெரியவர் விரலால் அதைத் தொடர்ந்துகொண்டே வந்து, இப்போது சுற்றுச்சுவர் நிற்கும் இடத்தில் நிறுத்தினார். பிறகு அந்தத் தாளுக்கு மட்டும் சான்றிட்ட நகல் கேட்டோம்.

கட்டணம் 10 ரூபாய்தான்; நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டிவிடலாம். ஒப்புகை அட்டையை மட்டும் தொலைக்கக் கூடாது. 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால், அதன்பின் தரும் நகலுக்குக் கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. முதல் மேல்முறையீடும் செய்யலாம். அந்த மேல்முறையீட்டு மனுவையும் முதல் மனுவோடு சேர்த்தே எழுதி, தேதியை மட்டும் காலியாக விட்டுக் கையில் கொடுத்தனுப்புகிறேன்.